மஞ்சள் சேலையும் இரண்டாம் பக்கமும்

பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்கு என்னோடு வந்த அன்று என் மனைவி பார்த்தது ஒரு பதிவுக் கவுண்டரை மட்டும்தான். காட்டுப் பாதையில் இறங்குமுன் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். நில அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் விண்ணப்பப் பாரங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். பூங்காப் பாரத்தில் 'திரும்பும் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. இன்னும் உள்ளேயே போகாத மனிதன் அதை எப்படி உறுதியாக எழுதுவான் என்று கேட்டேன். நியாயமான கேள்வி. மேலதிகாரி வரும்வரை காத்திருந்தோம். அவர் வந்து என் கேள்வியை ஒப்புக்கொண்ட நிமிடத்தில் மழை கொட்டியது, பாதையை மூடிவிட்டார்கள். எந்தப் பாரமும் நிரப்பாத ஒரு குரங்கு எங்கள் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது.

ஆகவே, மைசூர் அரண்மனையும் அந்தப் பக்கத்துப் புலிக்காடும் என்று மனைவியின் தங்கை ஒரு பயணத் திட்டத்தோடு வந்தபோது, மனைவி யோசிக்கவே இல்லை.

"ரெண்டு டிக்கெட் போடுடி. நீ, நான்."

"அத்தான்?"

"அவரு வீட்டுல இருந்து கவுண்டர் கவுண்டரா கனவு காணட்டும்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மைத்துனிக்கு இரக்க சுபாவம். திங்கட்கிழமைக்குள் ஏஜெண்டிடம் எண்ணிக்கை சொன்னால் போதும் என்றாள். அதற்குள் சனிக்கிழமை ஒரு வேன் பயணம் இருந்தது. எங்கள் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியிலிருந்து மைத்துனியையும் சேர்த்து எட்டுப் பேர், காலையில் சதுப்புநிலப் பறவைக் காப்பகம், மதியம் ஒரு பழைய அரண்மனை. பினாங்கில் அரசர் கிடையாது, ஆளுநர்தான். அரண்மனை வேண்டுமென்றால் எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும். "அத்தானையும் கூட்டிட்டுப் போய்ப் பாருலா. சரியா இருந்தா மைசூருக்கு மூணு பேர்" என்றாள். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு இப்படி ஒரு தகுதிகாண் பருவம் வாய்த்தது.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அன்னிக்கு முழுக்க ரூல்ஸ் பேசக்கூடாது. ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"அவசரம்னா?"

"பாத்தீங்களா, இப்பவே கிளம்பிட்டீங்க."

சனிக்கிழமை போகும் அரண்மனையின் அனுமதிக் கடிதத்தை மைத்துனி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். இரண்டு பக்கம். எந்தக் கடிதத்திலும் இரண்டாம் பக்கத்தைப் படித்த மனிதர் யாரையும் என் உத்தியோக காலத்தில் நான் சந்தித்ததில்லை. முக்கியமான எதையும் முதல் பக்கத்தில் எழுதும் அலுவலகத்தையும் சந்தித்ததில்லை. இரண்டாம் பக்கத்தில் உடை விதிகள் இருந்தன. மூன்றாவது விதி: அரண்மனைக்குள் மஞ்சள் உடை கூடாது. மஞ்சள் அரச குடும்பத்துக்கு உரிய நிறம்.

சனிக்கிழமை விடியற்காலையில் மனைவி அறையிலிருந்து வெளியே வந்தாள். லிட்டில் இந்தியாவில் அந்த வாரம்தான் எடுத்த புதுச் சேலை. நல்ல மாம்பழ மஞ்சள்.

"எப்படி இருக்கு? அரண்மனைக்குப் போறோம்ல, ராணி மாதிரி இருக்கணும்."

"நல்லா இருக்கு" என்றேன். அது பொய்யில்லை. விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது உத்தரவு, நான் உத்தரவை மதிப்பவன். அவள் சமையலறை ஜன்னலைச் சாத்தப் போன இடைவெளியில் அலமாரியைத் திறந்து அவளுடைய கருநீலச் சேலை, அதற்கேற்ற ரவிக்கை, பாவாடை, ஒரு சிறு டப்பாவில் பின்கள், எல்லாவற்றையும் என் தோள்பையில் வைத்துக்கொண்டேன். வேன் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போது மனம் மிகவும் அமைதியாக இருந்தது.

பறவைக் காப்பகத்தில் நான் நடந்துகொண்ட விதத்தைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம். படகுக்காரர் உயிர்காப்பு அங்கிகளைக் கொடுத்தார். நான் என் கொக்கியை மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றவர்களின் கொக்கிகளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தேன். எட்டுப் பேரையும் ஒரே பக்கம் உட்காரவேண்டாம் என்று படகுக்காரரே சொன்னபோது எனக்குக் கண்ணீர் வரப் பார்த்தது. பிறகு அவர் இயந்திரத்தை நிறுத்தி, "யாரும் பேசாதீங்க, அண்ணே" என்றார். எதனாலோ என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

சதுப்பு மரங்களின் வேர்களுக்கு நடுவிலிருந்து நீர்நாய்கள் வந்தன. ஐந்தோ ஆறோ. ஒன்று மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்த குமாஸ்தா ரொட்டி தின்பதுபோல் எங்களைப் பார்த்தபடியே தின்றது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படகு மறுபடி கிளம்பிய பிறகுதான் கையை எடுத்தாள்.

"உங்களோட வந்து இன்னிக்குத்தான் ஏதோ ஒன்ன முழுசா பாத்தேன்" என்றாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சேலையை மாற்றிக்கொள்ள வழியில் எத்தனையோ பெட்ரோல் நிலையங்கள் இருந்தன. ஆனால் மதியத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது, அதுவரை பொறுத்தால் போதும். வாசலில் அவளே என்னிடம் கேட்கப்போகும் அந்தக் காட்சியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

காட்சி நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. அரண்மனை வாசலில் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மனைவியின் முறை வந்ததும் காவலர் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு கையைக் குறுக்கே நீட்டினார். "மாஃப், புவான். கூனிங் தா போலே." மஞ்சள் முடியாது, மன்னியுங்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் அவளுடைய சேலையைப் பார்த்தது. உள்ளே போய்விட்ட, எங்கள் வேனில் வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். அப்படிச் செய்தால் மஞ்சள் குறையும் என்பதுபோல.

"இப்ப என்னங்க செய்றது?" என்றாள், என்னிடம்.

நான் பையைத் திறந்தேன். கருநீலச் சேலை. ரவிக்கை. பாவாடை. ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். கடைசியாக டப்பாவை எடுத்துக் குலுக்கியும் காட்டினேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

மைத்துனிதான் பேசினாள். "பின்னு வரைக்கும் எடுத்து வச்சிருக்கீங்க, அத்தான். வீட்டுலயே தெரியும் உங்களுக்கு."

"இரண்டாம் பக்கத்துல இருந்துச்சு. ரூல்ஸ் பேசக்கூடாதுன்னு..."

"அந்தப் படகுல கூட தெரியுமா?" என்று மனைவி கேட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை. நான் பதில் சொல்லவில்லை. அன்று நான் நிபந்தனையை முழுமையாகக் கடைப்பிடித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். மஞ்சள் சேலையை மடித்து என் கையில் வைத்தாள். "இது உள்ள போகக்கூடாதுல்ல? யாராவது வச்சுக்கிட்டு இருக்கணும்." பையில் மடித்து வைத்த துணிக்கு அந்த விதி பொருந்தாது என்பது எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும். சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சில், மடியில் அரச நிறத்தோடு, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரண்மனையின் உட்புறம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி தன்னுடையதும் அக்காவுடையதுமாக இரண்டு பாஸ்போர்ட்டுகளோடு வந்தாள். இரண்டுதான். இந்திய விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், படத்தின் அளவு, கோப்பின் அளவு, இதெல்லாம் குடும்பத்தில் ஒருவனுக்குத்தான் வரும். பயணத்துக்கு அழைக்கப்படாதவன் விசா நிரப்புவதில் எந்த விதிமீறலும் இல்லை. மனைவி எதிரில் உட்கார்ந்து பயற்றங்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலையிலிருந்து சாப்பாடு, மாத்திரை பற்றி மட்டும்தான் என்னோடு பேசியிருந்தாள்.

மைத்துனியின் பாஸ்போர்ட் முடிய நான்கு மாதமே இருந்தது. விசாவுக்குக் குறைந்தது ஆறு மாதம் வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், ஓர் இடம் காலியாகும். அந்த இடத்துக்குப் பொருத்தமான ஒரு நபரை எனக்குத் தெரியும். இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

"இது செல்லாது" என்றேன். "நாளைக்குக் காலையில முதல் ஆளா போய்ப் புதுப்பிச்சிடு. விசா அதுக்கப்புறம் போடலாம்."

"அய்யோ! நல்ல வேளை சொன்னீங்க, அத்தான்."

நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. மனைவி என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மேசையில் இருந்த இரண்டோடு மூன்றாவதாக என் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் பயற்றங்காய்க்குத் திரும்பினாள்.

"அதுவும் முடியப் போகுதான்னு பாருங்க."

பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மைசூர் என்ற பேச்சு வந்த வாரமே போய்ப் புதுப்பித்து வைத்திருந்தேன். இந்த முறை அதை உடனே சொல்லிவிட்டேன்.