குயிலக்கா சொன்ன ‘நோ’

இடது உள்ளங்கையால் அட்டைப்பெட்டியின் சீன எழுத்துகளை மூடிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் ஆங்கிலத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்கிறார் குயிலக்கா. “டூ நாட் டிராப். டூ நாட் ஸ்டாண்ட் ஆன் பாக்ஸ்.” படித்து முடித்ததும் பெட்டியிடமே கேள்வி கேட்கிறார். மேலே ஏறி நிற்கலாமா? கூடாது. ஏன் கூடாது? உள்ளே டைல்ஸ். பதிலையும் தானே சொல்லி, பெட்டியை முதுகில் தட்டிக்கொடுப்பது போல ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். கையை எடுத்தால் போதும், விடை அங்கேயே தாய்மொழியில் அச்சாகியிருக்கிறது. எடுக்க மாட்டார். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்காத வீம்பு அது.

துபாய் ஜெபல் அலியில் இருக்கிறது எங்கள் கிடங்கு. சீனாவிலிருந்து டைல்ஸ் வந்து இறங்கும். பிரித்து, எண்ணி, வேறு கண்டெய்னர்களில் ஏற்றி ஆப்பிரிக்கா பக்கம் அனுப்புவோம். நான் டாக்குமெண்ட் பிரிவில் உட்கார்ந்து தேய்கிறவன். குயிலக்கா சரக்கு சரிபார்ப்பவர். ஹூனான் மாகாணத்துக்காரர். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் குய்ஹுவா. அதை நம் ஆட்களின் நாக்கில் வைத்தால் என்ன ஆகும்? முதல் வாரமே குயில் ஆகி, மறுவாரம் அக்காவும் சேர்ந்துகொண்டது. அவர் இன்றுவரை ‘குயிலக்கா’ என்பது ஏதோ பதவியின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறார்.

ஜூலை மாதத்தில் தகரக்கூரை காய்ந்து கிடக்கும்போது நாங்கள் ஐஸ் தண்ணீருக்கு அடித்துக்கொள்வோம். அவர் பிளாஸ்க்கைத் திறந்து ஆவி பறக்கும் வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பார். தேயிலை கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் வெந்நீர். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவர் கொண்டுவரும் மிளகாய் ஊறலுக்கு ஆந்திராக்காரர்களே கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அவசரம் என்றால் “ஜல்தி பாய், ஜல்தி”, முடிந்தது என்றால் “கலாஸ்”, ஏன் நின்றுகொண்டிருக்கிறாய் என்று கேட்டால் “சும்மா”. இந்தி, அரபு, தமிழ் என்று மொழிக்கொரு சொல்லை எடுத்து முழு ஷிப்டையும் ஓட்டிவிடுவார். ஆங்கிலம்தான் அவரோடு மல்லுக்கு நின்றது.

மல்லுக்கு நின்றது அவர் என்றும் சொல்லலாம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இலக்கணப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதோடு வாதாடுவார். ‘யெஸ்டர்டே’ என்று ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அப்புறம் எதற்கு ‘கோ’ என்பது ‘வெண்ட்’ ஆக வேண்டும்? நேற்று என்பது ஒரு தடவை சொன்னால் உங்களுக்குப் புரியாதா? அவர் மொழியில் வினைச்சொல் நேற்றும் இன்றும் நாளையும் ஒரே சட்டையில்தான் வரும். எனக்கு அந்த வாதம் நியாயமாகவே பட்டது. ஆனால் ஆளுக்கும் பாலுக்கும் காலத்துக்கும் வினையை முறுக்குகிற தமிழை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு தலையாட்டுவது?

‘ஹீ’, ‘ஷீ’ விவகாரம் இன்னும் மோசம். அவர்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஓசை. எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண் மேனுஜாவைக் காட்டி, வந்திருந்த ஆடிட்டரிடம் “ஹீ இஸ் வெரி பியூட்டிஃபுல்” என்று சொல்லிவிட்டார். ஆடிட்டர் மேனுஜாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு நம்மிடம் ‘அவர்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மரியாதையும் கூடவே வந்துவிடும் என்று நான் விளக்கினேன். குயிலக்கா முகம் மலர்ந்து, அப்படியானால் பரீட்சையைத் தமிழில் வைக்கச் சொல் என்றார்.

பரீட்சை என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அதற்குப் பின்னால் ஒரு ரேடியோவின் கதை இருக்கிறது.

ரேடியோ என்றால் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு பொத்தானை அழுத்திப் பேசுவோமே, அது. எங்கள் கிடங்கில் ரேடியோ யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஷிப்ட் இன்சார்ஜ். முன்பு அது தற்காலிகமாகக் குயிலக்காவிடம் இருந்தது. ஒருநாள் காலை மேனேஜர் அம்மார் அலுவலகத்திலிருந்து கேட்டார்: “மொம்பாசா கண்டெய்னர் நாட் லோடட்?” பாதிதான் ஏறியிருந்தது. குயிலக்கா “யெஸ்” என்று சொல்லிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மீதிச் சரக்கைத் தேடி உள்ளே போனார். அம்மாரோ ஏற்றியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். டிரைவர் கதவைச் சாத்தி, சீல் வைத்துக் கிளம்பிவிட்டான். அக்கா திரும்பி வந்தபோது கண்டெய்னர் நின்ற இடத்தில் வெயில் மட்டும் நின்றது. பாதிச் சரக்கு கப்பலேறிப் போனது.

ரேடியோ அன்றே பறிபோனது. பொய் சொல்லிவிட்டார் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அதுதான் அவரை அறுத்தது. வேலை தெரியாதவள் என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்திருப்பார்.

எங்களுக்கு மட்டும் அதில் குழப்பமே இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சோலைமுத்து, பரமக்குடிப் பக்கத்துக்காரர், அன்று என்னிடம் வந்து பொருமினார். “லோடு ஏறலைல்லன்னு கேட்டா, ஆமான்னுதானண்ணே சொல்லுவோம்? ஆமா, ஏறலைன்னு. அந்தம்மா சரியாத்தான் சொல்லிருக்கு. இந்தாளுக்குத்தான் விளங்கல.” அவர் சொன்னது சரி. இல்லை என்று கேட்டு வருகிற கேள்விக்கு, ‘நீ சொல்வது சரிதான்’ என்ற பொருளில் ஆமாம் போடுவது நமக்கும் பழக்கம், சீனர்களுக்கும் பழக்கம். ஆங்கிலத்துக்கு அது ஆகாது. நாம் ‘ஆமா’ என்று நிறுத்தாமல் ‘ஏறலை’ என்று வாலையும் சேர்த்துவிடுவதால் தப்பிக்கிறோம். அக்காவின் வால் பொத்தானை விட்டபிறகு காற்றோடு போயிற்று.

அம்மார் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அல் குசைஸில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தும் ஆங்கிலப் பரீட்சையில் தேறிவிட்டால் இன்சார்ஜ் வேலையையே நிரந்தரமாகத் தருவதாகச் சொன்னார். இலக்கணம், பத்தியைப் படித்து விடை எழுதுவது, கடைசியில் நேரில் பேசுவது. அக்கா ஒரு தடவை எழுதித் தோற்றார். மறுபடி எழுதி மறுபடி தோற்றார். இரண்டு தடவையும் பேச்சில்தான் சறுக்கல். இன்னொரு தடவைதான் பார்ப்பேன், இல்லாவிட்டால் அடுத்த கிடங்கிலிருந்து ஆள் வரும் என்று அம்மார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த மாதம் முழுவதும் எங்கள் கிடங்கே பள்ளிக்கூடமாகிவிட்டது. அவரைக் கடந்துபோகிற எவனும் சும்மா போகக் கூடாது. ‘இல்லை’ போட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். யூ நாட் ஈட்டிங்? டிரக் நாட் கமிங்? டுடே நாட் ஹாட்? இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்கிறவனுக்கும் அதே வியாதி. அக்கா தட்டுத் தடுமாறிச் சரியாக “நோ” என்று சொன்னால், சோலைமுத்து வண்டியை நிறுத்தி, தப்பு, யெஸ் என்று சொல்ல வேண்டும் என்று திருத்திவிட்டுப் போவார். ஒரு வாரத்தில் அக்காவுக்குத் தெரிந்ததும் மறந்துபோகும் நிலைமை.

மேனுஜாதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் வெளியே வந்து சோலைமுத்துவைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணை, நீங்கள் அவவைக் குழப்பாதேங்கோ. என்ன கேக்கினம் எண்டதை விடுங்கோ. நடந்ததோ இல்லையோ, அதை மட்டும் பாருங்கோ. நடந்திருந்தா யெஸ். நடக்கேல்லை எண்டா நோ. அவ்வளவுதான்.”

சோலைமுத்து தலையைச் சொறிந்தார். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு குயிலக்காவிடம் போய், அவருக்குத் தெரிந்த இந்தியில் அதை உடைத்துப் போட்டார். “அக்கா, சவால் மத் தேகோ. காம் தேகோ.” கேள்வியைப் பார்க்காதே, வேலையைப் பார்.

குயிலக்கா கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். பிறகு உள்ளங்கையால் பெட்டியின் சீன எழுத்தை மூடுவாரே, அதேபோல் காற்றில் எதையோ மூடிக் காட்டினார். கேள்வியை மூடிவிடுகிறார். புரிந்துவிட்டது என்று எங்களுக்கும் புரிந்தது. அவர் ஆறு மாதம் புத்தகத்தில் தேடியது ஒரு ஃபோர்க்லிஃப்டின் மேலிருந்து விழுந்தது.

ஆனால் நாக்கு வழிக்கு வந்தாலும் கழுத்து வரவில்லை. வாய் “நோ” என்று சொல்லும்போது, ‘ஆமாம், நீ சொல்வது சரிதான்’ என்று தலை தன்பாட்டுக்கு ஆடிவிடும். தலை ஆடியதும் நாக்குக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே “யெஸ்” என்று மாற்றிவிடுவார். அதற்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பதில் சொல்லும்போது மோவாயை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. பல்வலிக்காரர் போல ஊன்றிக்கொண்டு “நோ” என்பார். தலை அசையாது. சிரிக்காமல் இருக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை பரீட்சை. மெட்ரோவில் ஏற்றிவிட நானும் சோலைமுத்துவும் போனோம். ஏற்றிவிடப் போனவர்கள் கூடவே ஏறி அல் குசைஸ் வரை போய்விட்டோம். எதிரே ஒரு கேரளா டீக்கடையில் உட்கார்ந்து, எங்களுக்குப் பரீட்சை போல வியர்த்தோம். மதியம் அவர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

பத்தி தேனீக்களைப் பற்றியதாம். அதில் தேன்கூட்டைச் சொல்லும் ‘ஹைவ்’ என்ற சொல் அடிக்கடி வந்து நின்றதாம். தெரியாத சொல். அதைப் பெட்டி என்று வைத்துக்கொண்டேன் என்றார். அடுக்கலாம், குலுக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, எல்லாம் பொருந்தியது. எங்கள் கிடங்கில் உள்ள அத்தனை பெட்டிகளும் சேர்ந்து அந்தக் கேள்விக்கு விடை எழுதியிருக்கின்றன.

அப்புறம் நேர்முகம். தேர்வாளர் ஒரு வயதான பெண்மணி. அக்கா உட்கார்ந்ததுமே மோவாயை உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டார். அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கவலையோடு, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்: “ஆர்ன்ட் யூ வெல்?” உனக்கு உடம்பு சரியில்லையா? எந்தப் பாடத்திலும் பழகாத கேள்வி. பழைய குயிலக்காவாக இருந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில் “நோ” என்று சொல்லி அந்தப் பெண்மணியை ஆஸ்பத்திரிக்கு வழி தேட வைத்திருப்பார். இவர் கேள்வியை மூடினார். உடம்பைப் பார்த்தார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

“யெஸ், ஐ ஆம் வெல்,” என்றேன் என்று எங்களிடம் சொல்லும்போது அவர் எழுந்தே நின்றுவிட்டார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சோலைமுத்து தன் டீயையும் என் டீயையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். என்னவோ நான்தான் பாஸானது போல எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முடிவு வர இன்னும் பத்து நாள் இருந்தது.

வந்த முடிவை மேனுஜா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, ஆபீஸ் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பாஸ். மூன்று பிரிவிலும் பாஸ். மூன்று ஃபோர்க்லிஃப்டுகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. கிடங்குக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கும் பலகையின் கீழேயே அடித்தன. அம்மார் இறங்கி வந்து, இழுப்பறையில் கிடந்த ரேடியோவைச் சட்டையில் துடைத்து அவர் கையில் கொடுத்தார். அன்றைக்குத் தான் கேட்டது தப்பான கேள்வி என்றும் சொன்னார். பெரிய மனுஷன்தான். அன்று சாயங்காலம் கராமாவில் ஒரு ஓட்டலில் எல்லாருக்கும் குயிலக்கா தோசை வாங்கிக்கொடுத்தார். சட்னி காரமில்லை என்று தன் மிளகாய் டப்பாவைத் திறந்தார்.

இன்சார்ஜாக அவருடைய முதல் காலை. மொம்பாசாவுக்கே ஒரு கண்டெய்னர் வாசலில் நின்றது. பாதி ஏறியிருந்தது. இடுப்பில் ரேடியோ கரகரத்தது. அம்மாரின் குரல், மனிதர் பழக்கத்தை மாற்றிக்கொண்டால்தானே!

“மொம்பாசா கண்டெய்னர் நாட் லோடட்?”

சோலைமுத்து தூக்கிய சரக்கை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். நான் ஜன்னலருகே எழுந்து நின்றேன். குயிலக்கா ரேடியோவை எடுத்தார். ஒரு கையில் ரேடியோ, மறுகையில் பேனாவும் அட்டையும். மோவாயைப் பிடிக்கக் கை இல்லை. பொத்தானை அழுத்தினார், அழுத்திய விரலை எடுக்கவில்லை.

“நோ, சார். நாட் லோடட்.”

குரல் கணீரென்று போயிற்று. தலை மட்டும் மேலும் கீழுமாக, ஆமாம் ஆமாம் என்று, ஆசை தீர ஆடிக்கொண்டிருந்தது.