சந்தனப் பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்ட்

புதியது வாங்கக் கட்டுப்படியாகாததால், கேம் விளையாடப் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று தேடி நல்லூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். விற்கிறவன் என்னைவிட இளையவன்.

"ஆறு மாதம்தான் பாவிச்சனான், அண்ணை" என்றான்.

இந்த ஆறு மாதக் கதையைப் போன வீடெல்லாம் கேட்டுச் சலித்திருந்தேன். கார்டைத் திருப்பினேன். பின்தகட்டில் மூன்று சந்தனப் பொட்டுகள், இரண்டு மங்கிப்போயிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவனுடைய அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"நான்தான் தம்பி வைச்சனான். வருசா வருசம் ஆயுத பூசைக்கு உவன் கழட்டித் தூசி தட்டித் தருவான். மூண்டு வருசமும் ஒரு பிழையும் இல்லாமல் ஓடினது."

விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் அவனே குறைத்தான்.