இருபது மைலில் ஒரு ஜப்பான் வகுப்பு

ஜப்பானிய முறை நெல் நடவை நேரில் பார்த்து வர நான்கு மாதம் ஜப்பான் போகும் விவசாயிகளில் என் பெயரும் இருப்பதாகச் சென்ற தையில் கடிதம் வந்தது. அங்கே ஒரு குடியானவர் வீட்டில் தங்க வேண்டும். அன்றாடப் பேச்சாவது தெரிந்திருக்க வேண்டுமாம். கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை கிடைக்கும், ஜப்பான் வாத்தியார் கிடைப்பாரா? புதுக்கோட்டையில் கிடைத்தார். என்னைப்போல் நாற்பத்திரண்டு வயதில் சிலேட்டு தூக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு பஸ். இருபது மைலுக்குச் சற்று மேல். கட்டணம் எழுபத்தைந்து நயா பைசா. வழியில் டிரைவர் டீ குடிக்க இறங்காவிட்டால் ஏழரைக்குள் போய்விடலாம். “எங்கிட்டு இம்புட்டு வெள்ளனா?” என்று கேட்டார் அவர். ஜப்பான் படிக்க என்றேன். “அப்ப இந்த டிக்கெட்டு பத்தாதே” என்றார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு தையல் கடை. பின்னறையில் வகுப்பு, டெய்லரின் மனைவி மரியம் பீவிதான் வாத்தியார். முப்பது வயதிருக்கும். பினாங்கில் வளர்ந்தவர். யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்திருந்தபோது பள்ளிக்கூடத்தில் அவர்கள் மொழியைப் படித்தவர். மாணவர்கள் நாங்கள் மூவர். கணவர் முன்னால் மிஷின் மிதித்துக்கொண்டே இருப்பார்; அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் “ஒஹாயோ” என்று காலை வணக்கம் சொல்ல வேண்டும்.

பாடம் ஒரு நாள் பொழுதைப் போலவே போகும். எழுந்ததும் என்ன சொல்வது, தண்ணீர் எப்படிக் கேட்பது, சோறு போதும் என்பது எப்படி. வீட்டை விட்டுக் கிளம்பும் இடம் வந்ததும் அவர் அவசரமாக “சயோனாரா” என்று சொல்லிவிட்டுத் தாண்டினார். அது பிரிந்து போகிறவர்கள் சொல்வதாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் இழவு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் வருவோம். மற்ற வீட்டில் ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

“போயிட்டு வாரேன்னு சொல்ல அவுகளுக்கு வார்த்தையே இல்லையாம்மா?”

“இருக்குண்ணே. அத மட்டும் கேக்காதீங்க.”

என் வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரமும் கேட்டேன். முன்னால் மிஷின் நின்றது.

“எங்க வாப்பாவ சயாம்ல ரயில் பாதை போட லாரியில ஏத்துனாங்க. போயிட்டு வாரேம்மான்னாக. நான் பள்ளிக்கூடத்துல படிச்சத சிப்பாய்க முன்னால பெருமையாச் சொன்னேன். இத்தெராஷாய். போயிட்டு வாங்கன்னு அர்த்தம். வாப்பா வரவே இல்ல. அதுக்கப்புறம் யாருக்கும் நான் அதச் சொன்னதில்லண்ணே.”

வெட்கமாக இருந்தது. அப்புறம் அந்தப் பாடத்தை நான் கிளறவே இல்லை.

கடைசி வகுப்பு சித்திரைக் கடைசியில். “போயிட்டு வாரேங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன். நாலு கடை தாண்டியிருப்பேன்.

“இத்தெராஷாய்!”

திரும்பினேன். மரியம் பீவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பலுக்குப் பயப்படாத நான் அப்போதுதான் பயந்தேன். இனி எப்பாடுபட்டாவது திரும்பி வந்தே ஆக வேண்டும்.

ஜப்பானில் தினமும் வயலுக்குக் கிளம்பும்போது வீட்டுக்கார அம்மாள் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்புவார். திரும்பியதும் வாசலில் நின்று “ததாய்மா”, அதாவது வந்துவிட்டேன், என்று சொல்ல வேண்டும். இதை அங்கேதான் கற்றேன்.

புரட்டாசியில் ஊர் திரும்பினேன். சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குத் தஞ்சாவூர் வழிதான் சுருக்கம். நான் புதுக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தேன். தகரப் பெட்டியோடு தையல் கடை வாசலில் நின்று “ததாய்மா” என்றேன். உள்ளிருந்து ஓடி வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜப்பான் மொழி ஒன்றும் அவர் வாயில் வரவில்லை.

“வந்துட்டீங்களாண்ணே” என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

படிக்கப் போகிறவர்கள் சிலேட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஆறு பத்தை விட்டால் அடுத்த பஸ் எட்டே முக்காலுக்குத்தான். மரியம் பீவி தாண்டிப் போகும் பாடத்தைக் கிளறாதீர்கள். கிளம்பும் அன்று அவரே சொல்லக்கூடும். சொல்லிவிட்டால், திரும்பி வரும்போது முதலில் அந்த வாசலில் போய் நில்லுங்கள். வீட்டுக்கு அடுத்த பஸ்ஸில் போகலாம்.