வலி என்னுடையது, வாய் அவருடையது

போன வாரம் விராலிமலையில் ஒரு கிளினிக். நெஞ்சை ஏதோ அழுத்துகிறது என்று போயிருந்தோம். அழுத்தியது எனக்கு. டாக்டர் கேட்டதோ என் வீட்டுக்காரரை.

“அம்மாவுக்கு என்ன செய்யுது?”

“கேஸ்தான் டாக்டர். நேத்து கல்யாண வீட்ல பரோட்டா போட்டாங்க. வேணாம்னேன்... கேக்கல.”

இது புதிதொன்றுமில்லை. நம்ம பக்கம் நோய்தான் நோயாளிக்கு. அதை டாக்டரிடம் சொல்லும் வேலை கூட வந்தவருக்கு. பிள்ளைக்கு அம்மா, பெரியவருக்கு மகன், மனைவிக்குக் கணவன். எனக்கும் இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை, இங்கிலாந்து போகிற வரைக்கும்.

போன வருஷம் அங்கே மகள் வீட்டில் இருந்தபோது இடுப்பு வலி. நினைத்தவுடன் டாக்டரைப் பார்க்க முடியுமா? அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் வலிக்கே அலுத்துவிட்டது. “நம்மூரா இருந்தா இந்நேரம் ஊசி போட்டு, வர்ற வழியில இட்லியும் சாப்புட்டு வந்துருக்கலாம்” என்று இவர் தினமும் புலம்பினார். நியாயமான புலம்பல்தான்.

ஒருவழியாக ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் இங்கிலீஷை ஆரம்பித்தார். அந்த அம்மா சிரித்த முகம் மாறாமல் இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்! மொழிபெயர்க்க போனில் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண். “அம்மா, வலி எப்பிடி இருக்கு? குத்துற மாதிரியோ, இழுக்கிற மாதிரியோ?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன் — என் இடுப்பு எப்படி வலிக்கிறது என்று அவரிடம் கேட்க!

சிரிப்பு வந்தது. பின்னாலேயே கண்ணும் கலங்கியது. அறுபதை நெருங்கும் வயதில், முதல் தடவையாக ஒரு டாக்டர் என்னிடமே கேட்கிறார்.

சரி, விராலிமலைக்கு வருவோம். கேஸ் மாத்திரை எழுத டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“கேஸ் இல்லீங்க டாக்டர். ரெண்டு நாளாவே மாடி ஏறுனா நெஞ்சு அமுக்குது. எடது கை மரத்துப் போகுது. வேர்த்துக் கொட்டுது.”

“ஏங்கிட்ட ஏன் சொல்லல?” — இவர்.

“நீங்க எங்க கேட்டீங்க?”

டாக்டர் பேனாவை மூடினார். அதற்குப் பிறகு எல்லாம் நம்மூர் வேகம். அங்கேயே ஈசிஜி, வாசலில் ஆம்புலன்ஸ், திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. சாயங்காலத்துக்குள் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்றார்கள். அவசரமென்றால் அங்கேயும் இப்படித்தான் ஓடுவார்கள் என்று மகள் போனில் சண்டைக்கு வருகிறாள். இருக்கட்டும். நம்மூர் வேகமும் அந்த டாக்டரம்மாவின் காதும் ஒரே இடத்தில் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

வார்டுக்கு மாற்றியதும் ஆப்பிளும் பிரெட்டுமாகச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இப்படிக் கூட்டமாக உள்ளே விடவே மாட்டார்கள்; எனக்கென்னவோ இந்தக் கூட்டம் பிடித்துத்தான் இருந்தது. அம்மாவின் தங்கை, கொடும்பாளூர் சின்னத்தா, என் கட்டிலில் உட்கார்ந்து, என் கையையும் பிடித்துக்கொண்டு, இவரைப் பார்த்துக் கேட்டார்.

“மாப்ள, ஏம்புள்ளைக்கு இப்ப எப்புடி இருக்கு?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என் நெஞ்சப் பத்தி ஏங்கிட்ட கேளுங்க சின்னத்தா. அவரு ரொம்பப் பயந்துட்டாரு... அத வேணா அவருகிட்ட கேளுங்க.”