ஸ்பூன் தட்டாத செவ்வாய்க்கிழமை

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் டிரைவர் பிரேக் போட, என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்ற கர்ப்பிணிப் பெண்ணின் கை நிறையக் கண்ணாடி வளையல்கள் ஒருசேரக் குலுங்கின. எழுந்து இடம் கொடுத்தேன். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஆற்றைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

இதே வளையல் சத்தத்தில்தான் எனக்கு அந்த ஆராய்ச்சி யோசனையே பிறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஸ்ரீரங்கத்தில் என் அண்ணியின் வளைகாப்பு. சந்தனமும் புளியோதரையும் கலந்த வாசனை. பெண்கள் வரிசையாக வந்து வளையல் அடுக்க, அண்ணி திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சத்தத்துக்கு உதைக்குது பாருங்க!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கைகூடக் கழுவாமல் தாம்பூலப் பையின் மேல் எழுதினேன்: 'நிஜமாகவே கேட்கிறதா? எப்படி எண்ணுவது?' உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம். எதைப் பார்த்தாலும் எண்ணிவிட வேண்டும் எனக்கு.

வயிற்றுக் குழந்தைக்கு வளையல் சத்தம் கேட்கிறதா என்பதையே என் ஆய்வாக எடுத்துக்கொள்ளப் பேராசிரியை ஒப்புக்கொண்டார். அப்படிக் கிடைத்தவர்தான் எடமலைப்பட்டி புதூர் வசந்தி அக்கா. முதல் பிரசவம், ஏழு மாதம். கணவருக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலை. செவ்வாய்தோறும் நான் போவேன். அக்கா இடதுபக்கமாகப் படுத்து வளையலைக் குலுக்குவார். நான் வயிற்றில் கை வைத்து, அசைந்தால் தாளில் ஒரு கோடு போடுவேன்.

அக்காவின் பிறந்த வீடு மணப்பாறை. முறுக்கு இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

"அக்கா, முறுக்கைக் கீழ வைங்க. குழந்தை உதைச்சா வளையலுக்கா முறுக்குக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டுக்குந்தான் உதைக்கும் டீச்சரம்மா. எம்புள்ள என்ன உன்ன மாதிரி நோஞ்சானா? நீயும் ஒண்ணு எடுத்துக்க."

எடுத்துக்கொள்வேன். ஆராய்ச்சி அந்த நொறுக்குச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்கும்.

இதில் ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சிசுவுக்குச் சலித்துவிடும், அசைவதை நிறுத்திவிடும். சத்தம் பழகிவிட்டது, குழந்தை கற்றுக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். ஆனால் அப்படி எழுதுவதற்கு முன் வேறொரு சத்தம் எழுப்பிப் பார்க்க வேண்டும். புதுச் சத்தத்துக்கு அசைந்தால்தான் முன்னது சலிப்பு; இல்லையென்றால் காரணம் வேறு. அதற்காக ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் எப்போதும் என் பையில் இருக்கும்.

ஆறு வாரம் குழந்தை உதைத்தது. ஏழாவது செவ்வாய், வளையலை எத்தனை முறை குலுக்கியும் அசைவே இல்லை.

"நேத்துலேர்ந்தே கொஞ்சம் சும்மாத்தான் இருக்கு" என்றார் அக்கா.

நான் துள்ளினேன். "பழகிடுச்சு அக்கா! உங்க வளையல் சத்தத்த அது கத்துக்கிச்சு!"

"அப்படியா! சமத்து" என்று வயிற்றைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை துறையில் கூட்டம், நான் பேச வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டம்ளரையும் ஸ்பூனையும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கூட்டத்தில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள்.

வியாழக்கிழமை அக்காவின் கணவர் போன் செய்தார். "பாப்பா வயித்துக்குள்ளயே போயிடுச்சும்மா. இனிமே வர வேணாம்னு சொல்லத்தான் பண்ணேன்."

செவ்வாயன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அந்த 'யாராலும்' எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். தரவில்லை. துறையில், ஆய்வுப் பதிவேட்டில் அக்காவின் பெயருக்கு நேராக 'இடையில் விலகியவர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

ஒருமுறை பார்க்கப் போனேன். வளையல் இல்லாத வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையால் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீதான சொன்ன, கத்துக்கிச்சுன்னு. என் கைச் சத்தத்தத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போயிருக்கு. அது போதும் எனக்கு."

நான் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அக்கா மணப்பாறைக்கே போய்விட்டார். என்னிடம் இருந்த அவசரமும் எங்கோ போய்விட்டது. புது ஆய்வுக்கான படிவத்தில் முதல் வரியை நானே எழுதினேன்: 'குழந்தை வழக்கம்போல் அசைகிறதா என்று தாயைக் கேள். குறைந்திருக்கிறது என்றால் தாளை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ.' அடுத்த மாதம் அந்தப் படிவத்தோடு மறுபடி தொடங்கப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று பாக்கி. வரும் ஞாயிறு மணப்பாறை போகிறேன். முதல் ஆறு வாரத் தாள்களையும் கொண்டுபோகிறேன். வளையலைக் குலுக்கியபோது அந்தக் குழந்தை உதைத்தது நிஜம். அந்தக் கோடுகளை அக்காவே வைத்துக்கொள்ளட்டும். ஏழாவது தாளும் பையில் இருக்கிறது. அன்று ஸ்பூனைத் தட்டிப் பார்க்காமலேதான் 'கத்துக்கிச்சு' என்றேன் என்று சொல்லிவிட வேண்டும். எந்தத் தாளை முதலில் நீட்டுவது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.