லெட்சுமணனுக்குப் போடாத சட்டை

எங்கள் கடற்கரை ஊரில் ஓர் ஓவியக் கூடம் இருக்கிறது. பாசிர் கூடாங்கிலிருந்து காரில் நாற்பது நிமிடம். ஊரின் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் நாளைக்கே எனக்கு போன் வரும். அந்தக் கூடத்தின் சுவர் அத்தனையும் நான் பெயிண்ட் அடித்தது. உள்ளே மூன்று பூச்சு வெள்ளை, வெளியே உப்புக்காற்றுக்காக ஐந்து பூச்சு. ஆறு வருடம் ஆகிறது, ஓர் இடத்தில்கூட உரியவில்லை. சந்தேகம் இருந்தால் போய் விரலால் தேய்த்துப் பாருங்கள். செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பெயிண்ட் டின் கழுவத் தொடங்கி, இன்றைக்கு என்னிடம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள், வாசலில் இரண்டு லாரி நிற்கிறது. யாரும் என்னைக் கை தூக்கிவிடவில்லை. அதனால் யாருக்கும் பயந்து எழுத வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

ஆனால் இது என் கதை அல்ல, லெட்சுமணன் கதை.

அவனுக்கு அறுபத்தாறு வயது. என்னைவிட ஆறு வயது இளையவன், ஒரே தோட்டம். அவன் அப்பா வெற்றுடம்போடு ரப்பர்ப் பால் வாளி சுமந்தே முதுகு கூனிப் போனவர். லெட்சுமணன் அந்த வாளியைத் தொடவில்லை. துறைமுகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கி, முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டினான். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டின் தரையும் கண்ணாடி. உட்கார்ந்தபடி இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து கீழே பார்த்துக்கொண்டே கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி லாரி மேல் இறக்க வேண்டும். ஷிப்ட் முழுக்கக் குனிந்த தலைதான். ஒரு பெட்டியைக்கூட அவன் தவறவிட்டதில்லை. ஓய்வு பெற்ற நாளில் பார்த்தால் கழுத்து நிமிர மறுத்துவிட்டது. நேராக நின்றாலும் தலை முன்னால் தொங்கும், கீழே எதையோ தொலைத்துவிட்டவன் மாதிரி.

சும்மா இருக்கப் பிடிக்காமல், கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஜாகா வேலைக்கு, அதாவது காவல் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் காரைக் கண்டெய்னர் மாதிரிதான் அடுக்குவான், ஒரு சாண் இடம் வீணாகாது.

கூடம் வருவதற்கு முன் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கூடிய இடம் மீன் சந்தை மட்டும்தான். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்கு, தொழப் போகிறவர்கள் சூராவுக்கு, சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சுக்கு. கூடம் வந்ததும் நிலைமை மாறியது. உள்ளே போகக் காசு இல்லை, குளிர்சாதனம் வேறு. சீனப் பிள்ளைகள் காகித விளக்குச் செய்வார்கள், மலாய்ப் பெண்கள் துணியில் பாத்தேக் வரைவார்கள், நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் தீபாவளிப் படங்கள் ஒரு மாதம் தொங்கும். கல்யாண ஜோடிகள் என் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சுவரில் எதை மாட்டினாலும் ஊரே வந்து பார்க்கும். பார்ப்பதோடு விடாது, நம்பவும் நம்பும்.

போன வருடம் அங்கே ஃபெலிசியா என்றொரு பெண் வந்தாள். பெர்மாஸ் ஜெயாக்காரி, நம் தமிழ்ப் பெண்தான், வெளிநாட்டில் ஓவியம் படித்தவள். கரையோர மக்களை வரையச் சொல்லி மூன்று மாதத்துக்கு அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் லெட்சுமணனைப் பார்த்ததும், உங்களை வரைய வேண்டும் அங்கிள் என்று கேட்டாளாம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியிலிருந்த துறைமுகச் சீருடையை எடுத்தான். நீலச் சட்டை, பாக்கெட்டின் மேல் பெயர் தைத்திருக்கும். அவன் மனைவி வாசுகி கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

முதல் நாளே அந்தப் பெண் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் காப்பிக் கடையில் என்னிடம் வந்து, இது என்ன அண்ணே புது வழக்கமாக இருக்கிறது என்று கேட்டான். நான் இருபத்தெட்டுக் கோயிலுக்கு வர்ணம் தீட்டியவன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

“முதல்ல உடம்பு, அப்புறம்தான் துணி. கோயில் சிலைய எப்படிச் செய்றாங்க? சிமெண்ட்ல உடம்பப் பூசி முடிச்சிட்டுத்தான் வேட்டி, நகையெல்லாம் ஏத்துவாங்க. படமும் அப்படித்தான். பேசாம போய் உட்காரு லா.”

நம்பினான். நான் சொன்னால் நம்புவான். இன்னும் நான்கு நாள் வெற்றுடம்போடு போய் உட்கார்ந்தான். அவளுக்கு நீலம் சரியாகத் தெரிய வேண்டும் என்று, சட்டையை அவள் கண்ணுக்கு நேரே நாற்காலி முதுகில் விரித்துப் போட்டான். கடைசி நாள் முடிந்தது என்றதும், சட்டையை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறான். வேண்டாம் அங்கிள் என்று சிரித்தாளாம். பார்த்தே ஞாபகம் வைத்துக்கொண்டாள், கெட்டிக்காரப் பெண் என்று என்னிடம் வந்து புகழ்ந்தான்.

திறப்பு விழா. மூன்று மொழியில் பேச்சு, குடிக்கச் சிராப் தண்ணீர், தின்னக் கறிபாப். கலையும் மக்களும் கைகோத்து நடக்க வேண்டுமாம். பேசியவர்களில் ஒருவராவது கார் நிறுத்துமிடத்து ஜாகாவுக்குத் தலையசைத்து நான் பார்த்ததில்லை. பிறகு படத்தின் மேலிருந்த துணியை இழுத்தார்கள்.

ஆள் உயரத்துக்கும் மேலே படம். அதில் லெட்சுமணன் முகம், லெட்சுமணனின் தொங்கிய தலை. உடம்பில் துணி இல்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். தலையில் துண்டு, தோளில் ஒரு மூட்டை. அவன் பிறந்ததிலிருந்து மூட்டை தூக்கியவன் இல்லை. கீழே ‘கரையின் கூலி’ என்று பெயர். பக்கத்தில் விளக்கம் ஒட்டியிருந்தார்கள். தமிழிலும் இருந்ததால் நானே படித்தேன். குனிந்த இந்தத் தலை நூறாண்டு அடிமைத்தனத்தின் சுமையைச் சொல்கிறதாம்.

சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. கை தட்டினார்கள். நல்ல உடை போட்டு, நல்ல செண்ட் பூசி வந்தவர்கள் அந்த எலும்பைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டையோடு அங்கேயே நின்றவனைப் பார்ப்பதும், படத்தைப் பார்ப்பதும், மறுபடி அவனைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். வாசுகி மட்டும், “வாங்க, போலாம்” என்றாள். அவன் சிராப்பைக் குடித்து முடித்தான், கிளாஸைத் தட்டில் வைத்தான், பிறகுதான் கிளம்பினான்.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தான்.

“அண்ணே, துணி போடலையே.”

அவ்வளவுதான் சொன்னான். நீதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகும் ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. என் வேலையில் குறை சொல்ல எந்த இஞ்சினியருக்கும் நான் இடம் கொடுத்தவனில்லை. அன்றைக்குக் குறை என்னுடையது. பேரன் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடமே அங்கே வரும் அண்ணே, அப்பாவின் வாளியிலிருந்து தப்பிக்கத்தான் அவ்வளவு உயரம் ஏறினேன், இந்த ஊர் என்னைக் கிரேன் ஓட்டினவன் என்று நினைக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றான். வா என்று கூட்டிக்கொண்டு போனேன்.

கூடத்து நிகழ்ச்சிகளைக் கவனிக்கிற அதிகாரி ரூபேந்திரன். இவனும் நம் ஆள்தான். சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. தலையைச் சாய்த்து, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினான். பக்கத்தில் ஃபெலிசியா இருந்தாள்.

“அங்கிள், அது நீங்க இல்ல. நம்ம எல்லாரோட கதை. ஒரு அடையாளம்” என்றான்.

“அப்ப மூஞ்சி மட்டும் ஏன் என்னோடது தம்பி?” என்றான் லெட்சுமணன்.

ரூபேந்திரன் ஃபெலிசியா பக்கம் திரும்பினான். அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். அவள் தாத்தா படகுத்துறையில் மூட்டை சுமந்தவராம். ஒரு போட்டோகூட இல்லையாம். லெட்சுமணனைப் பார்த்தபோது அவரைப் பார்த்த மாதிரி இருந்ததாம். கண் கலங்கியது, அது நடிப்பில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அவள் தாத்தாவுக்கு அடுத்தவன் உடம்பா? கேட்டா எடுத்தாள்? நான் நேரடியாகச் சொன்னேன், படத்தை இறக்கிக் கொடுங்கள், நீலச் சட்டை நான் போடுகிறேன், இரண்டு பூச்சு, காசு வேண்டாம் என்று. ரூபேந்திரன் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்த தவுக்கே முதலாளிகளின் வீட்டுக்கே பிறகு நான் பெயிண்ட் அடித்து அவர்கள் கையால் காசு வாங்கியிருக்கிறேன். இவன் சிரிப்பு எனக்குப் பெரிதில்லை. அடுத்துச் சொன்னதுதான் தாங்கவில்லை. அடுத்த மாதம் பெரிய விருந்தாளிகள் வருகிறார்களாம், அங்கிள் துண்டு கட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்குமாம், நற்சான்றிதழ் தருவார்களாம்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. லெட்சுமணன் எழவில்லை.

“துண்டெல்லாம் வேணாம் தம்பி. அந்த எழுத்தையாச்சும் மாத்துங்க. இது கிரேன் ஓட்டுன கழுத்து.”

அதைக் கண்காட்சிப் புத்தகத்திலும் அச்சடித்துவிட்டோம், ஒன்றும் செய்ய முடியாது என்றான் ரூபேந்திரன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தன் விடுமுறை நாளில், லெட்சுமணன் நீலச் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனான். பழைய துறைமுக அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தான். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். படத்தைத் தொடவில்லை, சத்தம் போடவில்லை. யார் நின்று பார்த்தாலும் அவர்களிடம் சொல்வான், தமிழருக்குத் தமிழில், மற்றவர்களுக்கு மலாயில். இது என் தலை. குனிந்திருப்பது அடிமைத்தனத்தால் இல்லை, கீழே பெட்டியைப் பார்த்துப் பார்த்து வந்த கழுத்து வலி. முதல் வாரம் நாலைந்து பேர் கேட்டார்கள். மூன்றாம் வாரம் அவனோடு வேலை செய்த பழைய ஆட்கள் பிள்ளைகுட்டியோடு வந்துவிட்டார்கள். வெளியே போகச் சொன்னான் ரூபேந்திரன். பொது இடம்தானே தம்பி, உள்ளே வரக் காசுகூட இல்லையே என்று கேட்டுவிட்டு இவன் அங்கேயே நின்றான். நான்காவது வாரம் அவன் ஜாகா வேலை போய்விட்டது. காரணம் கேட்டதற்கு ஆள் குறைப்பு என்றார்கள். வேலை போனாலும் ஞாயிற்றுக்கிழமை போவதை அவன் நிறுத்தவில்லை.

இனிமேல்தான் உச்சக்கட்ட அசிங்கம். இரண்டு மாதம் கழித்துப் பேருந்து நிலையத்தில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். படத்துக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்கிற லெட்சுமணனின் போட்டோ. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஓவியத்தோடு பேசும் மனிதர், அனைவரும் வருக. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே துரத்தப் பார்த்தார்கள், பிழைப்பைப் பிடுங்கினார்கள், கூட்டம் சேர்கிறது என்று தெரிந்ததும் அவனையே காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள். சுவரில் துப்பலாம் போலிருந்தது. அது என் சுவர் இல்லை என்பதால் துப்பியும் விட்டேன்.

அடுத்த ஞாயிறு அவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். கூடத்தின் வாசலிலும் அதே சுவரொட்டி. பழைய பெயிண்டைச் சுரண்டுகிற தகடு லாரியில் இருந்தது. நீ கிழி, மிச்சத்தை நான் சுரண்டுகிறேன் என்றேன்.

அவன் கிட்டே போனான். அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு மேலே பார்க்க முடியாமல், இடுப்பைப் பின்னால் வளைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

“அண்ணே, இந்த நாலாவது வரியப் படிங்க. நான் சரியாத்தான் படிக்கிறேனா?”

திரு. லெட்சுமணன், துறைமுகக் கிரேன் ஓட்டுநர், முப்பத்தோரு ஆண்டுகள் என்று படித்தேன்.

“எத்தன இடத்துல ஒட்டியிருக்காங்க?”

பேருந்து நிலையம், சந்தை, நூலகம், தமிழ்ப்பள்ளி வாசல் என்று சொன்னேன். அவன் அந்த நாலாவது வரியை விரலால் தடவினான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவனுங்க உன்ன வச்சு வித்தை காட்டுறானுங்கடா” என்றேன்.

“காட்டட்டும் அண்ணே. மேல கூண்டுல இருக்கிறப்ப கீழ எவன் என்ன பேசுறான்னு காதுல விழாது. பெட்டி சரியா எறங்குதான்னு மட்டும்தான் பார்ப்போம்.”

ஹெல்மெட்டைத் தலையில் வைத்து வாரைப் பூட்டினான். மணி பதினொன்றாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போனான். நான் தகட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். அந்த மூட்டையும் விலா எலும்பும் இன்றைக்கும் அங்கேதான் தொங்குகின்றன, அடிமைத்தனம் என்ற எழுத்தும் அப்படியே இருக்கிறது. என் அருவருப்பும் போகவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது அவனைச் சுற்றி முப்பது பேர் இருப்பார்கள். அவன் இரண்டு கையையும் விரித்து, கண்டெய்னரின் நான்கு மூலையையும் கிரேன் எப்படிக் கவ்வும் என்று காட்டிக்கொண்டிருந்தான்.