மகளுக்கு வாங்கிய பெரிய வண்டி

ஆறு வருஷமாக இதை எழுத நினைத்து, எழுதாமல் விட்டேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையும், அதற்குப் பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்று வருஷமும் படித்தவன். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். நமக்கு எங்கே எழுத வரும் என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டேன். அது சாக்கு. எழுதினால் உண்மையை எழுத வேண்டும். உண்மையை எழுதிவிட்டு என் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது என்ற பயம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு கோல சிலாங்கூர் பக்கம், எஸ்டேட்டை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் எஸ்டேட் அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவோம். நான் சொல்லும் காலத்தில் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு.

என் மனைவியின் அண்ணன் கலும்பாங்கில் இருக்கிறார். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்துத் திருத்திய நிலம் ஒன்று அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகள் நாலு சக்கர மோட்டார் ஓட்டிப் போட்டி போடுவார்கள். ஏடிவி என்பார்கள். ஒரு தடவை வேடிக்கை பார்க்கப் போனோம். தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் மகள் நின்றாள். ஒரு பெண் பிள்ளை வளைவில் எழுந்து நின்று ஓட்டிக்கொண்டு போனது. தெறித்த சேறு என் மகள் முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவே இல்லை. "அப்பா, நானு" என்றாள். அந்த ஒரு சொல்லை ஒரு வருஷம் கேட்டேன்.

கடைசியில் பத்தாங் காலியில் ஒரு பட்டறைக்குப் போனோம். பிள்ளைகள் ஓட்டும் ரேஸ் வண்டிகளைப் பழுது பார்த்து விற்பவர். நம்மவர்தான், கிறிஸ்துவர். என்னைவிட இளையவர், நிதானமாகப் பேசுவார். மச்சானும் கூட வந்திருந்தார்.

"பாப்பாவுக்கு எத்தன வயசுண்ணே?"

"ஏழு முடிஞ்சி எட்டு நடக்குது."

"வயசு சும்மா கேக்குறதுலா. ஏத்தி வச்சித்தான் பாக்கணும்."

இரண்டு வண்டிகளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். ஒன்று சின்னது. மற்றது அதைவிட ஒரு சுற்று பெரியது. பத்து வயதுக்கு மேல் என்று அதில் ஒட்டியே இருந்தது. முதலில் சின்னதில் ஏற்றினார். கால் வைக்கிற கட்டையில் எழுந்து நிற்கச் சொன்னார். இருக்கைக்கும் பிள்ளைக்கும் நடுவில் தன் கையை நுழைத்துப் பார்த்தார். பிடியை விடாமல் விரல் மட்டும் நீண்டு பிரேக்கைத் தொடுகிறதா என்று பார்த்தார். பிறகு கைப்பிடியை இடது பக்கம் முழுசாகத் திருப்பச் சொன்னார், அடுத்து வலது பக்கம். திருப்பிய பிறகும் முழங்கை கொஞ்சம் மடங்கியே இருந்தது. "பாஸ்" என்றார். மகள் சிரித்தாள்.

பெரியதில் ஏற்றினார். எழுந்து நின்றாள், பிரேக்கும் எட்டியது. இடது பக்கம் முழுசாகத் திருப்பியபோது வலது கை விறைத்து நீண்டது, தோள் முன்னால் இழுபட்டது.

"இத பாருங்கண்ணே. கை எட்டலன்னா ஒடம்பு முன்னால போவுது. ஒடம்பு போனா கட்டவெரலு வேகம் கூட்டுற கேஸ அமுக்குது. மெதுவா திரும்ப வேண்டிய எடத்துல வண்டி பாயும்."

மச்சான் விடவில்லை. "அடுத்த வருசமே பாப்பா வளந்துரும் மாப்ள. ஸ்கூல் சட்ட எடுக்குற மாதிரி ஒரு சைஸ் பெருசா எடுங்க. அப்பறம் சின்னவனுக்கும் ஆவும்."

"சட்ட பெருசா இருந்தா மடிச்சி தைக்கலாம். இத எங்கண்ணே மடிக்கிறது?" என்றார் பட்டறைக்காரர்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் என் மனசு பெரிய வண்டியில்தான் நின்றது. எங்கள் வீடுகளில் எதையும் அளவாக வாங்கிப் பழக்கமில்லை. பள்ளிப் பாவாடையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரிப்போம். நான் படித்த காலத்தில் சப்பாத்தின் முனையில் காகிதம் அடைத்துப் போட்டவன். கால் வளர்ந்து காகிதம் வெளியே வந்தபோது சப்பாத்து கிழிந்துவிட்டது. பெரிதாக வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. கலும்பாங்கில் மற்ற அப்பாக்கள் நடுவில் என் பிள்ளை சின்ன வண்டியோடு நிற்பதை என் மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்கு வந்தும் முடிவாகவில்லை. மனைவிதான் சொன்னாள், "நம்ப என்னாத்துக்கு அடிச்சிக்கிறோம்? அம்மாகிட்ட கேட்டுருவோம். பூ போட்டுப் பாக்கலாம்."

வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் வைத்து ஒரே மாதிரி மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் வைத்து வேண்டிக்கொண்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளை என்றால் சின்ன வண்டி, சிவப்பு என்றால் பெரிய வண்டி என்று வைத்துக்கொண்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பூசாரி பொட்டலங்களைத் தட்டில் வைத்து என் கையில் கொடுத்தார். பின்னால் அடுப்பில் பொங்கல் பொங்கி வழிகிறதென்று யாரோ கூப்பிட, ஓடினார். மனைவி வெளியே நாகர் மேடையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதற்குள் தம்பி மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்க, அவனை இழுக்கப் போய்விட்டாள்.

நான் பிரித்தேன். வெள்ளைப் பூ.

அதை அப்படியே மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். தட்டில் இருந்த மற்றதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அம்மன் எதிரில்தான் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி வந்தாள். "என்னங்க வந்துச்சு?"

"செவப்பு."

"பாப்பா கையாலதான எடுத்துச்சு?"

"ஆமா."

பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகளைக் கூப்பிட்டு, "ஒனக்கு பெரிய வண்டிதான்டி, நீயே எடுத்துட்ட" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

பட்டறைக்காரர் தயங்கித்தான் கொடுத்தார். கேஸ் கொஞ்சத்துக்கு மேல் போகாமல் ஒரு திருகாணியை முறுக்கிவிட்டு, "இத மட்டும் தொடாதீங்கண்ணே" என்றார். வண்டியில் மாட்டி மறுமுனையைப் பிள்ளையின் கைமணிக்கட்டில் கட்டுகிற கயிறு ஒன்று தந்தார். பிள்ளை விழுந்தால் அது கழன்று இன்ஜின் நின்றுவிடும். அந்த இரண்டையாவது கேட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தோம்.

மூன்றாவது ஞாயிறு, வேலையை மேற்பார்க்கும் எஸ்டேட் மண்டோரிடம் கேட்டுக்கொண்டு, வெறும் நிலத்தில் அவளை ஓட்டவிட்டேன். ஒரு காலி பீப்பாயைச் சுற்றி இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினாள். வலது கை நீண்டது, தோள் முன்னால் போனது, வண்டி பாய்ந்தது. பட்டறையில் நிற்கிற வண்டியில் பார்த்ததை ஓடுகிற வண்டியில் பார்த்தேன். ஓரத்துக் கால்வாயில் முன்சக்கரம் இறங்கியது. கயிறு கழன்று இன்ஜின் நின்றது. அவள் கால்வாயின் எதிர்க் கரையில் கிடந்தாள். தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு அவள் என்னைப் பார்த்து, "நான்தானப்பா பெருச எடுத்தேன்" என்றாள்.

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

வண்டியைப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்தேன். பட்டறைக்காரர் தான் சொன்னதைச் சொல்லிக் காட்டவில்லை. பிள்ளையின் தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். எலும்பு கூடியது. ஆனால் கோயிலில் வேறு கதை வளர்ந்தது. அம்மா உத்தரவு கொடுத்த வண்டி, அதனால்தான் பிள்ளை பிழைத்தது என்றார்கள். அதைக் கைப்பேசியில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். ஒரு நாள் சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என் மகள் கதையை என்னிடமே சொன்னார். "செவப்பு சேலை கட்டுன ஒரு அம்மா வந்து வண்டிய கையாலயே நிப்பாட்டுனாங்களாம்ணே!" நான் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டு நண்டு பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டில் மகள் எதையும் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டாள். தீபாவளித் துணி எடுக்கப் போனால், "நீங்களே எடுங்கம்மா" என்பாள். ஐஸ்கிரீமுக்குக்கூட தம்பி சொல்வதுதான் அவளுக்கும். அடக்கமான பிள்ளை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்கும் அப்படி நம்பிக்கொள்வது வசதியாக இருந்தது.

இந்த வருஷம் தை மாதம், கோயிலில் ஒரு குடும்பம் பூப் போட்டுப் பார்க்க வந்தது. அவர்கள் மகனுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று கேட்க. பூ எடுக்கப் பிள்ளை யாரையும் கூட்டி வரவில்லை. அந்தப் பையனின் அம்மா என் மகளைப் பார்த்து, "வாம்மா, நீ வந்து எடுத்துக் குடு" என்றார். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் ஆன்ட்டி. என் கை தப்பா எடுக்கும்."

அவர்கள் வேறு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். நான் மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காருக்குள் எல்லாரும் ஏறிய பிறகு சாவியைத் திருப்பவில்லை.

"பாப்பா, அன்னிக்கு நீ எடுத்தது வெள்ள."

"என்னாப்பா?"

"வெள்ளப் பூ. சின்ன வண்டி. அப்பாதான் மாத்திட்டேன்."

மகன்தான் முதலில் பேசினான். "கோயிலுக்குள்ளயே பொய் சொன்னீங்களா?"

"ஆமாய்யா."

மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் சரியாத்தான் எடுத்தேனா?"

"சரியாத்தான் எடுத்த."

அதையே மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

மனைவி வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தாள். "எங்கிட்ட சொல்லாதது கெடக்கட்டும். அந்தப் புள்ளகிட்ட சொல்ல ஆறு வருசமாங்க?"

மகள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், நான் இருக்கும் அறையில் மட்டும் இருக்கமாட்டாள். இரண்டு வாரம் போன பிறகு அவளாக வந்தாள். "கோயில் குரூப்புல எல்லாரும் என் கதைய தப்பாவே சொல்றாங்கப்பா. நீங்களே எழுதுங்க. நடந்தது நடந்த மாதிரி."

எழுதினேன். அவளிடம் படிக்கக் கொடுத்தேன். "அம்மன் என்னை மன்னித்துவிட்டாள்" என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. "அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு, பேனாவால் அடித்துவிட்டாள். அதனால் அந்த வரி இங்கே இல்லை. நான் இன்னும் வெள்ளிக்கிழமை போகிறேன், கும்பிடுகிறேன். மன்னிப்பு அம்மன் பொறுப்பு.

பிள்ளைக்கு இப்படி வண்டி பார்க்கிறவர்கள் இருந்தால், ஏற்றி நிற்க வைத்து, கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பச் சொல்லி, அப்போது முழங்கையைப் பாருங்கள். இன்றைய அளவுக்கு வாங்குங்கள்.

இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது இருக்கிறபடியே அனுப்புங்கள். சிவப்புச் சேலை கட்டிய அம்மாவைச் சேர்க்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு, நான் பூவை மாற்றிய இடத்தை எடுத்துவிடவும் வேண்டாம். அந்த இடம் போய்விட்டால், பழி மறுபடியும் என் மகளின் கைக்குத்தான் போகும்.